தொலைதூர நேர்காணலும் பணமுடையும்

வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலில் நிரலாளனாக நெடுங்காலம் உழைத்து, முதலில் வேலை தேடியவனாகவும் பின்னர் வேலைக்கு ஆள் தேர்பவனாகவும் கணினித் திரையின் இரு பக்கங்களிலும் அமர்ந்தவன் என்ற முறையில், எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு: தொலைவிலிருந்து நடக்கும் நேர்காணலில் பரீட்சிக்கப்படுவது விண்ணப்பித்தவர் சிந்திக்கும் முறைதான், அதற்கு வேண்டிய நிதானத்தைக் குலைப்பதில் பணமுடைக்கு நிகரான சத்துரு வேறில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரிகள் திரண்டு வந்து குண்டுமாரி பொழியும்போது ஆட்டம் அவ்வப்போது ஒரு கணம் திக்கி நிற்கிறது, காரணம் என்ன? வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடவேண்டிய ஆட்டத்தில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான். ஒவ்வொரு குண்டையும் புதிதாகப் படைப்பதும் பட்டவுடன் அழிப்பதுமாக இருந்தால், யூனிட்டி போன்ற விளையாட்டு எஞ்சினில் பயனற்றுப்போன நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் இடையே புகுந்து அந்த அவகாசத்தை விழுங்கிவிடும். ஆகையால் குண்டுகளை முன்கூட்டியே ஆக்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆப்ஜெக்ட் பூலிங் பரிகாரமாகிறது. இவ்வளவும் புத்தகம் படித்த எவரும் சொல்லக்கூடியதே. "முதலில் புரொஃபைலரைத் திறந்து, திக்கல் நேரும் ஃப்ரேமில் நேரத்தைத் தின்பது எது என்று பார்ப்பேன், அது மோதல் கணக்காக இருந்தால், நினைவகமே காரணம் என்ற என் ஊகம் தவறு" என்று தொடங்குகிறவரிடமே தொழில் பழகிய கை தெரிகிறது. நேரில் அமர்ந்திருந்தால் முகக்குறிப்பும் பலகையில் கிறுக்கும் விரல்களும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தொலைவிலோ குரலே முக்கியப் பாலம். மௌனம் நீடித்தால், யோசிக்கிறாரா, தெரியாமல் விழிக்கிறாரா, இணைப்புத்தான் அறுந்துவிட்டதா என்று எதிரே இருப்பவருக்குப் புலப்படுவதில்லை. எண்ணுவதை வாய்விட்டுச் சொல்வது கூச்சத்தைத் தரும். ஆயினும் பழகியே தீரவேண்டும்.

இத்தொழிலைக் கற்கும் சாதனங்களுக்கு இன்று பெருஞ்செலவில்லை. கோடோ எஞ்சினும் முப்பரிமாண உருவங்களை ஆக்கும் பிளெண்டரும் முற்றிலும் இலவசம். அன்ரியல் எஞ்சினோ ஓர் ஆட்டத்தின் வருமானம் 10 லட்சம் டாலரைக் கடக்கும்வரை அதிலிருந்து பங்கு கேட்பதில்லை. வறுமை தன் கூர்மையைக் காட்டுவது நேர்காணல் நாளில்தான். காணொளியும் ஓடி, திரையும் பகிர்ந்து, நிரலும் கம்பைல் ஆகவேண்டும் என்றால் பழைய லேப்டாப் திணறும். கைப்பேசியிலிருந்து எடுக்கும் டேட்டா நடுவில் தீரும். ஆகவே, முடித்த சிறிய ஆட்டம் ஒன்றையும் அதை ஆடிக்காட்டும் பதிவையும் முந்திய நாளே அனுப்பிவிடுவதும், இணைப்பு பலவீனமானால் காமிராவை அணைத்துக்கொள்ள அனுமதி கேட்பதும் விவேகம். அதில் அகௌரவம் ஏதுமில்லை.

சம்பளப் பேச்சு இன்னும் கடினம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒன்று மட்டும் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அப்படி வேலையிழந்த அனுபவஸ்தர்களும் வரிசையில் நிற்க, வாடகைத் தேதியும் நெருங்க, எந்தத் தொகைக்கும் தலையாட்டிவிடலாம் என்ற எண்ணம் எழுவது மனித சுபாவம். குடும்பம் நடக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும்போது அதற்குக் கீழே இறங்காமல் பேசுங்கள் என்பதே இளைஞர்களுக்கு நான் சொல்வது.

தேர்வு செய்யும் ஸ்தானத்தில் இருப்போருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டிலிருந்து செய்து அனுப்பும்படி ஒரு வார வேலையைப் பரீட்சையாகக் கொடுப்பது, சம்பளத்தோடு இருப்பவருக்கு ஓய்வுநாள்களின் இழப்பு. சம்பளமற்றவருக்கோ அது அந்த வாரத்தின் உணவு. சில மணி நேரத்தில் முடியும் பணியை மட்டும் கொடுங்கள். அதற்கு மேற்பட்டால் கூலி கொடுங்கள். ஒருவரை வேண்டாம் என்று தீர்மானித்தால் அதையும் காரணத்தோடு உடனே எழுதிவிடுங்கள்.