வரத்தில் விட்டுப்போனவர்கள்

தறிச் சத்தத்துக்கு மேலே டிவியைக் கூட்டி வைத்துக்கொண்டு, பாளையம்பட்டி வீட்டில் பிள்ளைகள் தமிழில் பேசும் ஹாரி பாட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வோல்டமார்ட் சாகக் கூடாதென்று உயிரைத் துண்டுதுண்டாக்கி மோதிரத்திலும் டைரியிலும் ஒளித்து வைத்திருக்கிறான் என்று பேரன் விளக்கினான். அப்பத்தாவுக்கு ஆச்சரியமே இல்லை. "ஏய்யா, கிளிக்குள்ள வைக்கலையாக்கும்? சரி, எந்தப் பொம்பளகிட்ட வாய விட்டான்?" என்றார்.

சரியான கேள்வி. மேரி ஃப்ரியர் என்ற வெள்ளைக்காரப் பெண், தன் ஆயா அன்னா லிபரேட்டா டி சூசா சொன்ன கதைகளை 1868-இல் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு மந்திரவாதி வருகிறான். காட்டு நடுவே வட்டமாகப் பனைமரங்கள், அந்த வட்டத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ப் பானைகள், அடிப்பானைக்குக் கீழே சின்னக் கூண்டு, கூண்டுக்குள் பச்சைக்கிளி. அந்தக் கிளியில்தான் அவன் உயிர். (பனை வட்டம் என்றதும் என் கண்ணில் வந்தது நம்மூர்க் கண்மாய்க்கரைதான்.) கடைசியில் கிளியின் இறக்கையைப் பிய்க்க, அவன் கை கழன்று விழுகிறது, காலைப் பிய்க்க, கால். சுற்றிலும் பூதங்களைக் காவல் வைத்தவன், இந்த ரகசியத்தைத் தான் சிறைபிடித்து வைத்திருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டான். நைசாகப் பேசிக் கேட்டாள், சொன்னான். இவளால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பு.

இராவணன் கதையும் இதுதான். சாகாவரம் கிடையாது என்று பிரம்மா கைவிரித்ததும் தேவர், அசுரர், யட்சர், நாகர் என்று பட்டியல் போட்டான். அதில் மனிதன் இல்லை. மறந்து விட்டதல்ல, மனிதர் அவனுக்குப் புல்லுக்குச் சமம். மகிஷாசுரன் பெண்ணை அப்படித்தான் விட்டான். இரணியன் மட்டும் வக்கீல் மூளைக்காரன். யாரையும் விடவில்லை, வாசல்படியை விட்டான். வால்மீகியின் உத்தர காண்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணன் கெஞ்சியும் கிடைக்காத அமரத்துவம், மனசு தர்மத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்ட விபீடணனுக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

வெள்ளைக்காரர் கதையிலும் ஓட்டை அதே இடத்தில்தான். எந்த ஆண்மகனாலும் தனக்குச் சாவில்லை என்று டோல்கீனின் சூனிய அரசன் இறுமாந்திருந்தான். ஒரு குள்ளன் பின்னாலிருந்து குத்த, ஒரு பெண் அவன் கதையை முடித்தாள். வோல்டமார்ட் சாகட்டும் என்று குகையில் விட்டுவந்த வேலைக்காரக் குட்டிப்பிராணி, தன் சொந்த மந்திரத்தால் உயிரோடு வீடு திரும்பிவிடுகிறது. வேலைக்காரனுக்கும் மந்திரம் இருக்கும் என்று அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சாவுப் பயம் வில்லனுக்கு மட்டுமா? இங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது திருச்சுழி. 1879-இல் அங்கே பிறந்த வேங்கடராமனுக்கும், 1896-இல் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் இருந்தபோது, திடீரென்று அந்தப் பயம் வந்தது. வயது 16. பையன் யாரிடமும் வரம் கேட்கவில்லை. கைகாலை விறைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, பிணம்போலப் படுத்து, சாவது எது என்று பார்த்தான். பின்னால் அவரை ரமணர் என்றார்கள்.

ஆனால் ரமணரை வைத்துக் கிளிக்கதை சொல்ல முடியாது. அதற்கு மந்திரவாதி வேண்டும், கோட்டை வேண்டும், கோட்டையில் ஒரு சந்தும் வேண்டும். அந்தச் சந்தை எங்கே விடுவது என்று முடிவு செய்தவர்கள் அன்னா மாதிரி ஆயாக்களும் எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்களும்தானே. ராஜகுமாரன் குதிரையில் வருவதற்கு முன்பே, உள்ளே அடைபட்டுக் கிடந்தவளிடம் விஷயத்தைச் சொல்லி வைத்துவிட்டார்கள்.