வீடியோ மட்டும் ஓடல

திங்கள்

கடையைத் திறக்கும் முன்பே தமிழய்யா வாசலில் நின்றிருந்தார். ஓய்வு பெற்றவர், காலையில் யூடியூபில் ஒரு பட்டிமன்றம் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. "பேரன் வந்து என்னமோ பண்ணினா அன்னைக்கு ஓடுது தம்பி. மறுநாள் காலையில பழையபடி ஆயிடுது. நெட்காரன் லைன் நல்லாத்தான் இருக்குங்கிறான்."

நெட்காரன் சொன்னது சரிதான். சிபியூவைப் போட்டதும் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2012. மதர்போர்டிலிருந்து சிஆர்2032 பேட்டரியை நெம்பி எடுத்து மீட்டர் வைத்தால், 3 வோல்ட் காட்ட வேண்டியது 2-ஐக்கூடத் தொடவில்லை. அய்யாவோ கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பிளக் சுவிட்சையே அணைத்துவிடுகிறவர். கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லையென்றால் கடிகாரம் பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். பேரன் தேதியைத் திருத்துவதும், விடிந்தால் அது கலைவதும் இப்படித்தான்.

தேதிக்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். ஒவ்வொரு தளமும் தான் இன்னார் என்று ஒரு சான்றிதழை நீட்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். பிரவுசர் அதைக் கணினியின் கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கும். 2012-இல் நிற்கிற கணினிக்கு இந்த வருஷத்துச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. "கலியாணத்துக்கு முன்னாடியே சீமந்தப் பத்திரிகை வந்தாப்ல!" என்று சிரித்தார். பேட்டரி மாற்றியதும் சரியாயிற்று.

செவ்வாய்

டியூஷன் எடுக்கும் அக்காவின் லேப்டாப். குரல் கணீரென்று வருகிறது, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை. சத்தம் வந்துவிட்டால் நெட்டைத் திட்டுவதில் அர்த்தமில்லை; வந்த படத்தைப் பிரிக்கிற இடத்தில்தான் கோளாறு. சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரிக்கும் வேலையை பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும். அதன் டிரைவர் அரதப் பழசு. குரோம் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துத் திரும்பத் திறந்தேன், படம் வந்துவிட்டது. அப்படியே கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுந்து, ஃபேன் இரைந்து, பேட்டரி சீக்கிரம் இறங்கும். டிரைவரைப் புதுப்பித்து ஆக்சலரேஷனை மறுபடி போட்டுவிட்டேன்.

கடைக்கு வருமுன்பே அக்கா, யாரோ சொன்னார்கள் என்று குக்கீஸ், கேஷ் எல்லாவற்றையும் அழித்திருந்தார். இப்போது எந்தக் கணக்குக்கும் பாஸ்வேர்டு நினைவில்லை. எது ஓடாவிட்டாலும் 'எல்லாத்தையும் க்ளியர் பண்ணு' என்று வைத்தியம் சொல்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். அங்கே ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், பெரும்பாலும் விளம்பரத் தடுப்பான். அதுவும் இல்லையென்றால் பழைய குக்கீ. எதையும் அழிக்காமலே தெரிந்துவிடும்.

வியாழன்

பழைய பாடப் பக்கம் ஒன்றில் ஃபிளாஷ் கேட்கிறது என்று ஒருவர். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கு முழுக்குப் போட்டது. 2021 ஜனவரி 12 முதல் உள்ளே இருந்த பிளேயரே ஓட மறுத்தது. இன்று 'ஃபிளாஷ் டவுன்லோட்' என்று மின்னும் பொத்தான் எதுவானாலும் வைரஸ் வலை என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் ஏற்கெனவே அழுத்தியிருந்தார். மதியம் முழுக்க அதைச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று.

சனி

இன்னொரு 'சத்தம் வருது, படம் வரல'. இங்கே திரை பச்சையாக இல்லை, கறுப்பு. யூடியூப் ஓட்டிப் பார்த்தேன், பளிச்சென்று ஓடியது. காசு கட்டிப் பார்க்கும் ஆப்பில் மட்டும் இருட்டு. புகார் சொன்ன அண்ணன் பழைய மானிட்டருக்காக எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் மலிவு கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். அந்த ஆப் படத்தை அனுப்புமுன், மறுமுனையில் திருட்டுக்காப்புப் பூட்டைத் திறக்கத் தெரிந்த திரை இருக்கிறதா என்று கேட்கும், எச்டிசிபி என்பார்கள். விஜிஏ-வுக்கு அந்தப் பாஷையே தெரியாது. இது பழுதே இல்லை, வேண்டுமென்றே வைத்த இருட்டு. "காசு கட்டினவனுக்கே காட்டாம, யாருக்குத் தம்பி காட்டுறான்?" என்றார். நியாயமான கேள்வி. திருட்டுப் பிரிண்ட் பார்க்கிறவனுக்கு எந்த மானிட்டரிலும் இந்தத் தொல்லை கிடையாது.

ஞாயிறு

கடை லீவு. என் அக்கா மகன் போனில்: "மாமா, வீடியோ மட்டும் ஓடல, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஆனா வாட்ஸ்ஆப் மெசேஜ் போகுது."

"இன்னைக்கு டேட்டா எவ்வளவு பாக்கி?"

பதில் இல்லை. தினமும் ஒன்றரை ஜிபி பிளான். தீர்ந்ததும் லைன் அறுந்துபோகாது, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். எழுத்து அந்தச் சந்திலும் நுழைந்து போய்விடும். வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள்; வேகம் குறையக் குறைய போன் இன்னும் மங்கலான துண்டைக் கேட்டு வாங்கும். ஆனால் மிக மங்கலான 144பி-க்கே 64 போதாது. ஒரு துண்டு ஓடி முடிவதற்குள் அடுத்தது வந்து சேராது. அதுதான் அந்த வட்டம்.

"அப்ப போனை ரீஸ்டார்ட் பண்ணட்டுமா மாமா?"

"பண்ணு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பண்ணு."