துவர்ப்பும் காத்திருப்பும்

மது என்னும் சொல்லைக் கேட்டதும் நம் முகம் சுருங்குகிறது. குடியால் தாலியும் அடகுக்குப் போன வீடுகளை நம் பங்குகள்தோறும் கண்டிருக்கிறோம். ஆயினும், நாள்தோறும் நம் திருப்பலிப் பீடத்தில் ஏந்தப்படுவதும் திராட்சை இரசமே. இவ்விரண்டையும் நாம் எவ்வாறு இணைத்து எண்ணுவது? இத்தாலியின் புகழ்பெற்ற சிவப்பு இரசமாகிய பரோலோவை அறிந்தபோது நமக்குச் சிறிது தெளிவு பிறந்தது.

வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், ஆல்பா நகரருகே, லாங்கே குன்றுகள் உள்ளன. அங்கு விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ உருவாகிறது. பிற திராட்சைகள் பறிக்கப்பட்ட பின்னர், அக்டோபர் மாத மூடுபனிக் காலத்தில்தான் இக்கனி முதிரும். இதன் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு கடுமையானது. இளம் இரசம் பச்சைப் பாக்கைக் கடித்தாற்போல் நாவைப் பற்றிக்கொள்ளும். எனவே 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்களேனும் மரப்பீப்பாயில், அது முதிர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. காலம் செல்லச் செல்லத் துவர்ப்பு தணிந்து, முதுநெல்லிக்கனி போலப் பின்சுவை தருகிறது.

அதைச் சுவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. கோப்பையைச் சாய்த்து, மாதுளைச் சிவப்பையும் விளிம்பின் செங்கல் நிறத்தையும் முதலில் காண்பர். மெல்லச் சுழற்றி, ரோசா மலரும் தாரும் கலந்தாற்போன்ற மணத்தை நுகர்வர். அதன் பின்னரே ஒரு மிடறு. தொழில்முறைச் சுவைஞர் அதையும் நாவில் பரப்பி அறிந்தபின் உமிழ்ந்துவிடுவர். மயங்கியவனுக்குச் சுவை தெரியாது. கானாவூரில் நல்ல இரசத்தை இனங்கண்ட பந்தி மேற்பார்வையாளரும் தெளிந்த நாவுடையவராகவே இருந்திருப்பார்.

இந்த இரசத்தின் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுபவர், பரோலோ சீமாட்டி ஜூலியா கோல்பெர்ட் (1785-1864). பிள்ளைப்பேறு இல்லாத அவர், தூரின் நகரச் சிறையில் வாடிய பெண்களைத் தம் மக்களாகக் கொண்டு, அவர்களிடையே அமர்ந்து எழுத்தறிவித்தார். விடுதலையானோர்க்கு இல்லம் அமைத்தார். இளங்குருவாயிருந்த தொன் போஸ்கோ 1844-இல் ஆன்ம குருவாகச் சேர்ந்ததும் அவருடைய நிறுவனத்தில்தான். தம் செல்வத்தை அறப்பணிக்கே எழுதிவைத்து மறைந்த அவரை, 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார். துவர்க்கிறதென்று இரசத்தைக் கொட்டிவிடாத நாட்டில், குற்றவாளிகளென்று மனிதரைத் தள்ளிவிடாதவர் அவர்.

பரோலோவை நம்மில் பலர் சுவைக்கப் போவதில்லை, அதற்குத் தேவையுமில்லை. ஆனால் துவர்க்கும் மனிதர் நம் இல்லங்களிலும் உண்டு. குடிக்கு அடிமையாகிவிட்ட தந்தையும் தமையனும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் கையிலிருந்து கோப்பையை விலக்குவது நம் கடமை. அவர்களையே விலக்கிவிடாமல், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்கும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக.