பஞ்சமரபு வந்த ஆண்டு

தமிழ் முதுகலை மாணவர்களிடம் சிலப்பதிகாரத்தின் இசை பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்வது என் வழக்கம். கட்டுரை கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். துணைநூற்பட்டியல் அங்கேதான் இருக்கும். ஒப்படைப்பதற்கு முந்தின இரவு, மூத்த மாணவர் யாரோ எழுதிய ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுதி முடிப்பவர்களே அதிகம். ஓரிரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணம். அந்தப் பக்கத்தை முதலில் தொடங்குங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் வற்புறுத்துகிறேன். அதற்கான காரணமும் சிலப்பதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தம் உரைப்பாயிரத்தில், இசைக்கும் கூத்துக்கும் தாம் எந்த நூல்களைத் துணைகொண்டார் என்று வரிசையாகச் சொல்கிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என ஐந்து நூல்கள். பெயரோடு நிற்கவில்லை, எதை யார் செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பஞ்சமரபைச் செய்தவர் அறிவனார், பரதசேனாபதீயத்தைச் செய்தவர் ஆதிவாயிலார் என்று நமக்குத் தெரிவது அப்படித்தான். உரைக்குள்ளும் வேண்டிய இடங்களில் அந்நூல்களின் பாடல்களை எடுத்துக்காட்டுகிறார். காலப்போக்கில் அந்த நூல்கள் கண்ணுக்கு மறைந்தன. நூல் போனாலும் பெயர் போகவில்லை. பிற்காலத்தில் பஞ்சமரபு ஓலைச்சுவடியாகக் கிடைத்து, வே.இரா.தெய்வசிகாமணிக் கவுண்டர் பதிப்பில் 1973-இல் அச்சேறியபோது, அது எந்த நூல், அதன் பெருமை என்ன என்று தமிழ்நாட்டுக்குப் புதிதாக யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஓர் உரையாசிரியர் தம் கடனைக் குறித்துவைத்திருந்தார்; அந்தக் குறிப்பு போதுமானதாக இருந்தது.

பட்டியலை அகர வரிசையில் அடுக்கும் முன் ஒருமுறை ஆண்டு வரிசையில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். அடியார்க்குநல்லார் உரையோடு உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917. விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947. எஸ்.இராமநாதனின் சிலப்பதிகாரத்து இசைத்தமிழ் 1956. பிறகுதான் 1973-இல் பஞ்சமரபு. இப்படி எழுதியதும் இந்த அறிஞர்களில் யார் யாருடைய நூலைப் பார்த்திருக்க முடியும், யாருக்கு எது கிட்டவில்லை என்பது விளங்கிவிடுகிறது. பண்டிதரும் அடிகளும் பஞ்சமரபு என்ற நூலை அச்சில் முழுதாகப் பாராமலே, உரையில் கிடைத்த மேற்கோள்களையும் தம் அறிவையும் நம்பி, ஆலாபனையும் பாலையும் பண்ணும் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கண்டார்கள். அவர்களுடைய உழைப்பின் அளவு எனக்கு உறைத்தது அவர்கள் நூல்களின் முன்னுரைகளைப் படித்தபோதல்ல, இந்த ஐந்து ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது.

ஆகவே, ஆண்டைத் தவறாகக் குறிப்பது சிறு பிழை ஆகாது. ஒரு மாணவி யாழ் நூலின் மறுபதிப்பைப் படித்துவிட்டு, மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது 1973-க்குப் பிந்திய ஆண்டாக இருந்தால், பஞ்சமரபு கையில் இருந்தும் அடிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. அடிகளோ நூல் வெளிவந்த அதே 1947-இல் காலமானவர். தமக்காக வந்து பேச முடியாத ஒருவர்மேல் அந்த ஓர் எண் பழி சுமத்திவிடுகிறது. முதற்பதிப்பின் ஆண்டு, கையிலிருக்கும் பதிப்பின் ஆண்டு இரண்டையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய தமிழ் நூல்களில் ஆண்டைக் கண்டுபிடிப்பதே ஒரு படிப்பு. சிலவற்றில் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால், ‘சர்வசித்து’ என்று மட்டும் கண்டால் 1887-ஆ 1947-ஆ என்று கேட்க வேண்டும். சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு முந்திய சர்வசித்துவில் வந்தது, யாழ் நூல் பிந்தியதில். அச்சகத்தின் பெயர், விலை, தாள், முகவுரை எழுதியவர் யார் என்பதெல்லாம் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் முப்பத்தொன்றைக் கழித்தால் போதும்.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். குடும்பப் பெயர் உள்ள நாடுகளுக்காகச் செய்த மென்பொருள்கள் பெயரின் கடைசிச் சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். அப்படி வந்த பட்டியல்களில் ஆபிரகாம் பண்டிதர் ‘பண்டிதர், ஆபிரகாம்’ ஆகவும், விபுலானந்தர் ‘அடிகள், விபுலானந்த’ ஆகவும் நிற்கிறார்கள். பட்டத்தின்கீழ் போய் மறைந்தவரை அடுத்து வருபவர் எப்படித் தேடுவார்? ஊரும் தந்தையும் தலைப்பெழுத்தில் இருக்க, சொந்தப் பெயர் தனித்து நிற்பது நம் மரபு. அந்தப் பெயரில்தான் பட்டியலில் அவர் இருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் பட்டியல் வருகிறது. ஆசிரியர் உண்மையானவர், தலைப்பும் அவர் எழுதியிருக்கக்கூடியதுபோல் இருக்கும், பதிப்பகமும் ஆண்டும் இருக்கும். ஆனால் அப்படி ஒரு நூலே இருக்காது. இருந்து மறைந்த நூல்களின் பெயரைக் காப்பாற்றப் பாடுபட்ட மொழியில், இல்லாத நூல்களுக்குப் பெயர் வைப்பது எனக்குப் பெரிய வேதனை. கையில் எடுத்துப் புரட்டாத நூல் பட்டியலில் ஏறக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அதற்கு அடிப்படை. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் மின்னூலகம் இருக்கிறது. பேருந்து ஏறியோ கணினியைத் திறந்தோ தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு எழுதலாம்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.இரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகருக்குச் சொன்னதை மாணவர்க்கும் உரியதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். மாணவர் எழுதும் கட்டுரையின் கருத்தைப் பத்து ஆண்டுகளில் வேறொருவர் மறுத்துவிடலாம். அப்போதும் ஒழுங்கான நூற்பட்டியல் பயன்படும். மறுப்பவரே அதை வைத்துத்தான் தேடத் தொடங்குவார். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் கீழே, அந்த நூலிலிருந்து எதைப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். படிக்காத நூலுக்கு அந்த வரியை எழுத முடியாது. படித்த நூலுக்கு எழுதும்போது, முன்னோர் எவரிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது மாணவருக்கே தெரிந்துவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டவர்தான் சொந்தமாக ஒன்றைச் சொல்லத் தகுதி பெறுகிறார் என்பது என் உறுதியான நம்பிக்கை.