வற்றாப்பளைப் பொங்கல்: கோயிலைவிட நீளமான ஒரு திருவிழா

வைகாசி பிறந்துவிட்டால் ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு செய்தி தவறாமல் வந்து சேரும். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க வற்றாப்பளை கண்ணகி அம்மன் ஆலய வருடாந்தப் பொங்கல் விழா எதிர்வரும் திங்கட்கிழமை நடைபெறும்.’ அதன் கீழே விசேட பேருந்துச் சேவை பற்றி ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். பல ஆண்டுகள் இச்செய்தியை நானும் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ‘வரலாற்றுச் சிறப்பு’ எது என்று விரித்தெழுதப் பத்திரிகையின் பத்தியில் இடம் கிடைத்ததில்லை. இங்கே இடமுண்டு, வாசிக்க நீங்களும் இருக்கிறீர்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது வற்றாப்பளை. மதுரையை எரித்த கண்ணகி, சினம் தணியாதவளாய்த் தென்திசை நோக்கி நடந்து இலங்கைக்கு வந்தாள் என்பதும், இங்கே அவள் தங்கிய இடங்களுள் பத்தாவது இதுவென்பதும் வன்னி மக்களின் நம்பிக்கை. ‘பத்தாம் பளை’ என்பதே மருவி ‘வற்றாப்பளை’ ஆயிற்று என்பார்கள்.

ஊர் சொல்லும் கதை எளிமையானது. நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வருகிறாள். பசிக்கிறது என்கிறாள். சிறுவர்கள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது சாய்கிறது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்துங்கள் என்கிறாள் மூதாட்டி. விளக்கு எரிகிறது. பிறகு, தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். சிறுவர்கள் கூந்தலை விலக்கிப் பார்த்தால் தலையெங்கும் கண்கள். அவர்கள் அஞ்சி நிற்கையிலேயே, வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று சொல்லி அவள் மறைந்து போகிறாள்.

இந்தக் கதையில் அரசன் இல்லை, அரண்மனை இல்லை. நீதி கேட்டு ஒரு நகரையே எரித்தவள், இங்கே வந்து கேட்டது ஒரு வாய்ச் சோறு மட்டுமே. சிலப்பதிகாரத்தின் கண்ணகியை வன்னி தனக்கேற்றபடி எப்படி மாற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்தான் என்று அக்காப்பியம் கூறுகிறது. சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ, ஆறுமுக நாவலர் காலத்துச் சைவ மறுமலர்ச்சியின் பின், கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவள் கண்ணகியாகவே இருந்துவிட்டாள்.

பொங்கல் ஒரு நாள் நிகழ்வென்று நினைப்பவர் பலர். அது ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்னரே ‘பாக்குத் தெண்டல்’ என்னும் சடங்கோடு தொடங்குகிறது. தெண்டுதல் என்றால் வீடு வீடாகச் சென்று சேர்த்தல். அடுத்த திங்களன்று சிலாவத்தைக் கடற்கரைக்குச் சென்று தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்தக் கடல் நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்கே அதில்தான் அம்மனுக்கு விளக்கெரிகிறது. மூதாட்டி அன்று சொன்னதை ஊர் இன்றும் செய்து காட்டுகிறது. ஒரு வாரம் கழிந்து ஞாயிறு இரவு விநாயகருக்குப் பொங்கல். அதன் பின்னர் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குப் புறப்படுகின்றன. திங்களன்று அம்மனுக்குப் பொங்கல்.

இப்போது இந்த ஊர்ப் பெயர்களைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். முள்ளியவளை, சிலாவத்தை, மீண்டும் முள்ளியவளை, வற்றாப்பளை. இத்திருவிழா ஒரு கோயிலுக்குள் அடங்குவதன்று. அது ஒரு வழி. அந்த வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் இன்ன குடிக்கு இன்ன கடமை என்று உண்டு. தீர்த்தக்குடம் சுமப்பவர், பண்டம் தருபவர், பறை முழக்குபவர் என எவர் வராவிட்டாலும் அடுத்த கட்டம் நகராது. கரையோர மக்களையும் வயலோர மக்களையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒருவர் வாசலுக்கு மற்றவரைப் போகவைத்த ஏற்பாடு அது.

2002 போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதி திறந்தது. 2003 வைகாசியில் நானும் அங்கு போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பேருந்துகள் வந்தபடி இருந்தன. காவடிகள், பாற்செம்புகள், கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார் கூட்டம். முல்லைத்தீவுக்கே உரிய கோவலன் கூத்தைப் பற்றி ஒரு முதியவர், விடிய விடிய ஆடிய காலத்தை அசைபோட்டுக்கொண்டிருந்தார். பறங்கியர் காலத்தில் அம்மனை எள்ளிய துரை ஒருவனைக் கோயிற் பன்னிச்சை மரம் தானே குலுங்கிக் காய்களால் அடித்து விரட்டிய கதையையும் அவரே சொன்னார். அன்று நான் அனுப்பிய செய்தி பத்து வரி வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். தீர்த்தமெடுக்கும் அதே கரையோரத்தை 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வாரிச் சென்றது. 2009 மே மாதம் போர் முடிந்தது இதே நந்திக்கடலின் கரையில். உயிர் தப்பிய மக்கள் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிகளுக்குள் இருந்தார்கள். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். வற்றாப்பளைக்கு அயலூரான கேப்பாப்பிலவின் மக்கள், இராணுவம் வைத்திருந்த தம் காணிகளைக் கேட்டு 2017 இல் மாதக்கணக்காக வீதியோரம் குந்தியிருந்தார்கள். வழியாக அமைந்த ஒரு திருவிழாவுக்கு வழியில் உள்ள மண்ணும் வேண்டும் என்பதை அப்போதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

இனி, கடல் கடந்தவர்கள் பற்றி ஒரு வார்த்தை. 1825 இல் நோர்வேயின் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்தொராசியோன்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் 52 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து இலட்சக்கணக்கானோர் போனார்கள். இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் அயோவா மாநிலத்து டெக்கோராவில் 1967 முதல் ஆண்டுதோறும் நோர்டிக் விழா கொண்டாடுகிறார்கள். அக்கப்பலின் மாதிரி ஒன்று 2025 இல் அதே துறைமுகத்திலிருந்து நியூயோர்க்குக்குப் போயும் சேர்ந்தது. மொழி பெரும்பாலும் போய்விட்டது. நடனமும் உடையும் உணவும் எஞ்சியிருக்கின்றன. இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு எஞ்சியதே பெரிது என்றும் சொல்லலாம். இவ்வளவுதானா என்றும் கேட்கலாம்.

அதே நோர்வேயில் இப்போது நம்மவர்கள் வாழ்கிறார்கள். மே 17 அந்நாட்டின் அரசியலமைப்பு நாள். பாடசாலைப் பிள்ளைகள் கொடியேந்தி ஊர்வலம் போவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அதில் நடப்பார்கள். மறுநாள் மே 18, அதே பிள்ளைகளின் பெற்றோர் முள்ளிவாய்க்காலை நினைந்து விளக்கேற்றுவார்கள். அந்த நாட்களையொட்டித்தான் வைகாசியும் பிறக்கிறது. ஒஸ்லோவில் பொங்கலாம், கண்ணகி கதை படிக்கலாம், கூத்தும் ஆடலாம். சிலாவத்தைக் கடலையும் முள்ளியவளை வீதியையும் கொண்டுபோக முடியாது.

ஆனாலும் நான் நம்பிக்கை இழக்கவில்லை. கண்ணகியே வேற்றூரிலிருந்து வந்தவள்தான். ஊரையும் துணையையும் இழந்து, கடல் கடந்து, அறியாத கரையொன்றில் பசியோடு வந்து நின்றவள். அவளைத் தமக்குரியவளாக்கியது அவளுக்குச் சோறிட்ட கைகள். பின்வந்த தலைமுறைகள் அச்செயலைக் கடமையாகப் பிரித்து, இன்னாருக்கு இன்னது என்று ஒப்படைத்து வைத்தன. ஒரு மரபு எஞ்சுவதும் எஞ்சாததும் அந்த ஒப்படைப்பைப் பொறுத்தது.

ஆகவே வன்னியிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூத்தவர் எவராவது இருந்தால், பொங்கலில் எங்கள் குடும்பத்தின் கடமை என்ன என்று கேளுங்கள். யார் அழைக்க வந்தார்கள், யாருக்கு எதைக் கொடுத்தோம், எந்த வழியாக நடந்தோம் என்று கேளுங்கள். கிடைத்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போரில் ஆவணங்களும் புகைப்படங்களும் அழிந்தன. இந்த விபரங்கள் இன்னும் சிலரின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது.