புறங்கையால் பார்

சென்ற மே 31-ஆம் தேதி ஓய்வு பெற்றேன். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் கல்லூரியில் ‘பன்முகத்தன்மைக் குழு’ தொடங்கினார்கள். 31 ஆண்டு நர்சிங் சொல்லிக்கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இது புது சப்ஜெக்ட் மேடம்” என்றார் ஓர் இளம் டியூட்டர். மனது வலித்தது. ஆர்த்தோ வார்டில் விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.

நான் மாணவியாக இருந்தபோது எங்களுக்கு வாய்த்த வார்டு சிஸ்டர் மகா கண்டிப்பு. படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று சேக்ரத்தை, அதாவது முதுகின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னால் நாங்கள் சிவப்பைத் தேடுவோம். புத்தகப் படங்களில் இருந்ததெல்லாம் வெள்ளைத் தோல். சிஸ்டர் எங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புவார். “நம்ம ஊர்த் தோல்ல சிவப்பு எங்கடி தெரியும்? புறங்கைய வை. பக்கத்துத் தோலோட ஒப்பிட்டுச் சொல்லு. சூடா, ஜில்லுனா? கெட்டியா, கொழகொழன்னா?” கருத்த தோலில், அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்ப்பதும் கைகொடுக்காது. ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிக்கும் சயனோசிஸுக்கு நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வைப்பார், ரத்தசோகைக்குக் கீழிமை. வார்டில் இருக்கும் அத்தனை முதுகிலும் கை வைத்த பிறகுதான் டீ.

அவர் கண்டிப்பை எடுத்துக்கொண்ட நான், டியூட்டர் ஆனதும் ‘வார்டில் ஆங்கிலம் மட்டுமே’ என்று சட்டம் போட்டேன். முதுகுத்தண்டில் அடிபட்டு ஒரு கொத்தனார் படுத்திருந்தார். மூன்றாம் நாள் தோல் பிய்ந்தது. நர்ஸஸ் நோட்ஸில் முந்தைய ஷிஃப்டைப் பார்த்து எழுதிய ‘ஸ்கின் இன்டாக்ட்’, தோல் நன்றாக இருக்கிறது என்று. தமிழ் மீடியத்தில் படித்து வந்த முதலாண்டுப் பெண் அழுதாள். “முதல் நாளே சூடா, கெட்டியா இருந்துச்சு மேடம். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அவள் கை சரியாகவே பார்த்திருந்தது. வாயை அடைத்தது என் சட்டம்.

மறுநாளே அதை எடுத்தேன். முதலில் தமிழில் சொல், பிறகு ஆங்கிலத்தில் எழுது என்றேன். டெமோ ரூமில் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களே பயிற்சிப் பொம்மையின் அருகில் நிற்பார்கள். வாரம் ஒரு வரிசை முன்னால் வரும்படி மாற்றினேன். ஹாஸ்டல் அறைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தேன். சாதி சொல்லி அறை மாற்றக் கேட்டு வந்த பெற்றோரைத் திருப்பி அனுப்பினேன். தலைமை என்று நான் அறிந்தது இவ்வளவுதான்.

இன்றைய பிள்ளைகள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்கிறார்கள். அந்தக் கருவி ஆக்சிஜன் குறைவைக் கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் எழுதினார்கள். அதைப் படித்த அன்று என் சிஸ்டரைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது எந்த டியூட்டர் மாணவியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புகிறார்? டெமோ ரூமில் கிடக்கும் பொம்மையின் தோல்கூட இன்னும் ரோஸ் நிறம்தான்.

கல்லூரியை ஆய்வு செய்ய வருகிறவர்கள் பன்முகத்தன்மைக் குழுவின் கோப்பைப் புரட்டட்டும். புரட்டி முடித்ததும் ஒரு மாணவியை வார்டுக்கு அழைத்துப்போய், ஒரு கருத்த முதுகில் கை வைக்கச் சொல்லி, அவள் சொல்வதை அவள் மொழியிலேயே கேட்கட்டும்.