இருவர் ஏறும் வண்டி

நாற்பத்தாறு வயதில் ஒரு மத்திய அரசு எழுத்தர் என்னென்ன வாங்கலாம் என்பதற்கு உற்றார் உறவினரிடையே எழுதப்படாத ஒரு பட்டியல் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் முப்பதுக்கு நாற்பதில் ஒரு மனை வாங்கலாம். மகள் பேரில் நகை வாங்கலாம். முழங்காலுக்குத் தைலம் வாங்கலாம். இவற்றுள் எதை வாங்கினாலும் ‘ஏன்?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் வாங்கியதோ, இரண்டே பேர் அமரக்கூடிய, கூரைக்குப் பதிலாக மடிப்புத் துணி கொண்ட, இருபத்தொரு வயதான ஒரு சிறிய கார். ‘ஏன்?’ என்று கேளாதவர் எங்கள் அல்சூர்த் தெருவில் இல்லை.

இத்தகைய வண்டிக்கு ரோட்ஸ்டர் என்று பெயர். இங்கிலாந்தில் எம்.ஜி. போன்ற நிறுவனங்களின் சிறு வண்டிகளால் புகழ் பெற்ற இந்த இனம் ஒரு காலத்தில் மங்கிப் போக, 1989இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற வண்டியின் மூலம் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. 2016க்குள் அந்த வண்டியில் பத்து லட்சம் செய்து விட்டார்கள். நம் நாட்டிலும் 1998இல் சான் ஸ்டார்ம் என்ற பெயரில் ஒரு ரோட்ஸ்டர் வெளிவந்ததைப் பலர் மறந்திருக்கலாம். கோவாவில் செய்யப்பட்டது. உடல் கண்ணாடியிழை, இயந்திரம் பிரெஞ்சு ரெனோ நிறுவனத்தின் 1149 சி.சி. பெட்ரோல் இயந்திரம். அறுபது குதிரைத் திறன்தான். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றுக்கு இதைவிட அதிகம். ஆனால் பெரிய குதிரையை நகரத்தில் நடத்திச் செல்வதைவிடச் சின்னக் குதிரையை முழு வேகத்தில் விடுவதில் ஒரு மகிழ்ச்சி உண்டல்லவா? தரையை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து, காற்று முகத்தில் அறைய, மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் நூறு போலத் தோன்றும். போலீசுக்கும் வேலை இல்லை.

வாணியம்பாடியில் சிறுவனாக இருந்தபோது, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையோரத்து மதகில் உட்கார்ந்து லாரிகளை எண்ணுவது எங்கள் விடுமுறைப் பொழுதுபோக்கு. ஒரு நாள் மாலை, லாரிகளுக்கு நடுவே, கூரை இல்லாத சிவப்பு வண்டி ஒன்று போயிற்று. ஓட்டியவரும் பக்கத்தில் இருந்த அம்மையாரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவே. வண்டியின் பெயர் இன்றுவரை தெரியாது. எண்ணிக்கையை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக நண்பர்கள் என்னை ஆட்டத்திலிருந்து நீக்கி விட்டார்கள்.

பிறகு பி.ஏ., தேர்வு, 2001இல் வேலை, 2002இல் திருமணம், ஒரு ஸ்கூட்டர், இரண்டு பிள்ளைகள். மதகின் நினைவு வந்த போதெல்லாம், ‘ஓய்வு பெற்ற பிறகு’ என்று குறிப்பெழுதி அந்தக் கோப்பைக் கீழே வைத்து விடுவேன். நான் ஓய்வு பெறும் ஆண்டு 2037. 2023 தொடக்கத்தில் கண் மருத்துவர் ஒருவர், இடக்கண்ணில் புரை தொடங்குகிறது, அவசரமில்லை, ஆனால் இரவில் எதிர்வெளிச்சம் கூசினால் வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெரிய நோய் ஒன்றுமில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது வயதில் என் கண் எப்படி இருக்கும், முழங்கால் எப்படி இருக்கும், தரையோடு தரையாக உள்ள இருக்கையிலிருந்து என்னை யார் தூக்கி விடுவார்கள்? கோப்பை மேலே எடுத்தேன்.

வருங்கால வைப்பு நிதியில் மனைக்கென்று மனத்தில் ஒதுக்கியிருந்த தொகை ஒன்று இருந்தது. வண்டியின் விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம். என் மனைவி கணிதப் பட்டதாரி. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வீட்டில் நாம் நான்கு பேர். வண்டியில் இடம் இரண்டு. மீதி இரண்டு பேரை என்ன செய்வதாக உத்தேசம்?”

இதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை. இருவர் மட்டும் ஏறும் வண்டியைக் குடும்பஸ்தன் வாங்குவதில் ஒரு தன்னலம் இருக்கிறது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. பிள்ளைகள் என் பக்கம் சேர்ந்து கொண்டதால் மூன்றுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. அவள் எதிர்த்து வாக்களித்ததோடு நில்லாமல், அந்த வண்டியில் ஏறுவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள்.

பழைய வண்டி வாங்குவதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவாஜிநகரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர் சொல்லிக் கொடுத்தது. எல்லாரும் அவரை ‘பாய்’ என்றே அழைப்போம். விற்பவர் வீட்டு முற்றத்தில் வண்டியைச் சுற்றி நான் வாயைப் பிளந்து நின்ற வேளையில், பாய் அதன் அழகைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்து விட்டார்.

“மேலே ஃபைபர், சார். அது துருப்பிடிக்காது. கீழே இருக்கிறது இரும்பு. நீங்க மேலே பார்த்து ஏமாந்துடுவீங்க” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஸ்குரூ டிரைவரால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்த இடமெல்லாம் தேறியது. மந்தமாக ஒலித்த இரண்டு இடங்களில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். திறந்த வண்டிக்கு அடிச்சட்டந்தான் உயிர். மூடிய வண்டியில் கூரையும் சேர்ந்து உடலை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துகிறது. கூரையை எடுத்து விட்டால் அந்த வேலையும் தரையின் தலையில் விழுகிறது. ஆகையால் அங்கே துரு இருந்தால் மன்னிப்பே இல்லை.

பிறகு டயர்களைப் பார்த்தார். பட்டன் தேயாமல் புதியவை போல இருந்தன. பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார். 2311 என்று இருந்தது. 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருளாம். பன்னிரண்டு ஆண்டுகள் நின்றே கெட்டிப்பட்ட ரப்பர். “வண்டிக்கு வயசு பார்க்காதீங்க சார், ரப்பருக்கு வயசு பாருங்க” என்றார். டயர், குழாய்கள், கதவோரப் பட்டைகள், இயந்திரத்தின் டைமிங் பெல்ட் என்று ரப்பரெல்லாம் மாற்றியாக வேண்டும் என்று பட்டியல் போட்டார். உதிரிப் பொருள்களுக்காக ஜே.சி. சாலையில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்தேன். ரெனோவின் ட்விங்கோ, கிளியோ என்ற வண்டிகளிலும் இதே குடும்பத்து இயந்திரம் இருந்தபடியால், இங்கே கிடைக்காத பெல்ட்டை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுத்தார் ஒரு கடைக்காரர். துணிக்கூரையின் பின்புறத்துப் பிளாஸ்டிக் சன்னல் மஞ்சளித்துப் போயிருந்தது. அதை மட்டும் மாற்றவில்லை. பின்னால் வருபவர்கள் மங்கலாகத் தெரிவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

உரிமை மாற்றத்திற்கு 29ஆம் எண் படிவம், 30ஆம் எண் படிவம். அதன்பின் அலுவலகத்துக்கு ஒரு படிவம். மத்திய அரசு ஊழியர்களின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் பதினெட்டாவது விதி, இரண்டு மாத அடிப்படை ஊதியத்துக்கு மேற்பட்ட விலையில் அசையும் பொருள் வாங்கினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இத்தகைய படிவங்களைப் பிறர் எழுதிக் கொடுக்க, சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலையாகவே பல ஆண்டுகள் இருந்தது. இப்போது என்னுடையதை நானே நிரப்ப உட்கார்ந்தேன். ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் பேனா நின்று விட்டது. அலுவலகம் செல்ல என்று எழுதினால் பொய். நான் மெட்ரோ ரயிலில் போகிறவன். குடும்பப் பயன்பாடு என்றால் அதைவிடப் பெரிய பொய். இரண்டு நாள் யோசித்து, ‘மனமகிழ்ச்சியின் பொருட்டு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பிரிவு அலுவலர் மறுநாளே அழைத்தார். வயதில் என்னைவிடச் சிறியவர், மரியாதை தெரிந்தவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சார், இந்தக் கட்டம் கேட்பது விண்ணப்பத்தின் நோக்கத்தை. முன் அனுமதி வேண்டுகிறீர்களா, வெறும் தகவலா என்பதுதான் கேள்வி. வண்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே” என்றார். நூறு பேருடைய படிவங்களில் இந்தக் கட்டத்தைத் திருத்தியவன் நான்! அடித்து விட்டு, ‘தகவல்’ என்று எழுதிக் கொடுத்தேன். அடித்த எழுத்துகள் இப்போதும் படிக்கும்படியாகவே கோப்பில் இருக்கின்றன.

முதல் நான்கு மாதங்கள் பிள்ளைகளில் ஒருவரை மாற்றி ஒருவரை ஏற்றிக்கொண்டும், பெரும்பாலும் தனியாகவும் ஓட்டினேன். சிக்னலில் நின்றால் பேருந்துப் பயணிகள் மேலிருந்து குனிந்து என் வழுக்கையைப் பார்த்தார்கள். வெயில் ஏறிய பின் திறந்த வண்டி ஒரு தண்டனை என்பதும், பெங்களூரில் அதற்குரிய பொழுது விடியற்காலை ஒன்றே என்பதும் விரைவில் விளங்கின.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மகன் உறங்க, மகள் விடுதியில் இருக்க, காலை ஐந்து மணிக்குச் சாவியை எடுத்தேன். “நானும் வருகிறேன்” என்று சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள் என் மனைவி. காரணம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

எப்பால், எலகங்கா தாண்டி, தேவனஹள்ளியில் நந்தி மலைப் பக்கம் திரும்பினோம். மலைமேல் கூட்டம் இருக்கும் என்பதால், அடிவாரத்து நந்தி கிராமத்தில் போக நந்தீசுவரர் கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. மூடிய வண்டியில் போகிறவன் ஊர்களைக் கண்ணால் கடக்கிறான். இதில் மூக்கால் கடக்க வேண்டும். தைலமரத் தோப்பு, பனியில் நனைந்த மண், மாட்டுக்கொட்டகை, யாரோ வறுக்கும் மிளகாய், பிறகு திடீரென்று திராட்சைத் தோட்டம். அந்த வட்டாரத்துக் கறுப்புத் திராட்சை பழுத்தால் அதன் வாசனை சாலையில் குறுக்கே நிற்கும். இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்ததை இருவரும் கவனித்தோம்.

“இருபத்தொரு வருஷம் உங்கள் முதுகோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறேன்” என்றாள்.

ஸ்கூட்டரைச் சொல்கிறாள் என்பது புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு, சாலையைப் பார்த்தபடியே ஒன்று சொன்னாள். 2007இல் இந்திரா நகரில் ஒரு பள்ளியில் அவளுக்குக் கணித ஆசிரியை வேலை கிடைத்ததாம். ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டுமாம். கடிதம் வந்த அன்று மாலை, ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து, “போகட்டுமா?” என்று கேட்டாளாம். மகளுக்கு அப்போது மூன்று வயது.

“நீங்கள் தலையை ஆட்டினீர்கள். போ என்று ஆட்டினீர்களா, வேண்டாம் என்று ஆட்டினீர்களா, பள்ளத்தில் வண்டி ஆடியதா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிய பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.”

எனக்கு அந்த மாலை நினைவில் இல்லை. ஹெல்மெட்டுக்குள் அந்தக் கேள்வி வந்து சேரவேயில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ‘குழந்தை சின்னது’ என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவளிடம் அதையும் சொன்னேன். “சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்” என்றாள். கோவில் வரும்வரை பிறகு பேச்சில்லை. வண்டியை நாற்பதுக்கு மேல் நான் விடவில்லை; அதற்கு மேல் போனால் காற்றில் குரல் கேட்காது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. துணிக்கூரையை இழுத்து மூடி, முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கிகளை மாட்ட வேண்டும். அவசரத்தில் இடப்பக்கத்துக் கொக்கியை நான் சரியாக மாட்டவில்லை. எலகங்கா வரும்வரை அவள் மடியில் ஒரே சீராக நீர் சொட்டிற்று. அவள் கையை உயர்த்தித் துணியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நிறுத்தி மாட்டுகிறேன் என்றேன். ஓட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். வீட்டு வாசலில் இறங்கிப் புடவை முந்தானையைப் பிழிந்தபடி, “இதன் கியர் எப்படிப் போடுவது?” என்று கேட்டாள்.

2024 தொடக்கத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து உரிமம் வாங்கி விட்டாள். மாலையில் எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறாள். வண்டியின் பதிவை 2027இல் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். 2022இல் ஐயாயிரமாக்கிய கட்டணத்தை, இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் பத்தாயிரமாக உயர்த்தி விட்டார்கள். அந்தப் பத்தாயிரம் அவள் கணக்கிலிருந்து வரும் என்று சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எலகங்கா வரை நான் ஓட்டுகிறேன். அதன்பின் இடம் மாறிக்கொள்கிறோம். இடப்பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லை என்பதை என் வலக்கால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அதைப் பார்க்கிறாள். ஆனால் ஒன்றும் சொல்வதில்லை.